சுத்த அறைக்குள் குத்துவிளக்கு

மெற்றில்டா தாலியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள் என்பது கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவள் குடியிருக்கும் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். பதினொரு வருடமாகத் தெரியும். பூசை முடிந்து வருகிறவர்களை மறித்து நிறுத்தி மாமியார் இதைச் சொல்லி அழாத ஞாயிறு கிடையாது. புருசன் உயிரோடு இருக்க இப்படியொருத்தி செய்வாளா என்று கேட்பார். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்த கிறிஸ்ரிதான் அந்தப் புருசன். அவனோ காலையில் கையை நீட்டித் தாலிக்கொடியை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவான்.

காரணம் தண்ணீர். கடல் ஆராய்ச்சி நிறுவனமொன்றில் மெற்றில்டா ஆய்வுக்கூட உதவியாளர்; கடல்நீரில் உள்ள உலோகத்தை அளப்பதுதான் வேலை. இந்து சமுத்திரத்தின் நடுவில், மூன்று கிலோமீற்றர் ஆழத்தில், தரை பிளந்து கொதிநீர் பீறிடும் இடங்கள் இருக்கின்றன. இரும்பும் செம்பும் நாகம் என்கிற துத்தநாகமும் கலந்த அந்த நீர் கரும்புகையாக எழும்பி, பிறகு பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான மைல்களுக்குப் பரவும். வெயிலையே காணாத நுண்ணுயிர்கள் அந்தப் புகைக்குள் இருக்கின்றன. கந்தகத்தையும் ஐதரசனையும் தின்று பிழைக்கிற சீவன்கள். அவற்றின் உடம்பிலும் பசையிலும் இரும்பு ஒட்டிக்கொள்வதால்தான் அது கீழே படியாமல் அவ்வளவு தூரம் போகிறதா என்பது கேள்வி. அதற்காக வெளிநாட்டுக் கப்பலொன்று அள்ளிய தண்ணீரில் பன்னிரண்டு போத்தல் கொழும்புக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் ஆறு வந்தது. அதில் உலோகம் அளந்த கணக்கைப் பார்த்துத்தான் மற்ற ஆறும் வரும்.

அந்தத் தண்ணீரில் உலோகம் இருப்பது, ஒரு குளத்து நீரில் ஒரு உப்புக்கல்லைப் போட்ட அளவுதான். வெளியிலிருந்து ஒரு துகள் உலோகம் விழுந்தாலும் கணக்குக் கெட்டுவிடும். கழுத்தில் தாலி கூடாது, கையில் காப்பு கூடாது, காதில் தோடு கூடாது, முகத்தில் பவுடர் கூடாது, ஏனென்றால் பவுடரிலும் நாகம் உண்டு. ஒவ்வொரு போத்தலையும் வாரக்கணக்கில் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவவேண்டும். இதையெல்லாம் தூசு புகாத சுத்த அறைக்குள் மெற்றில்டா ஒருத்திதான் செய்தாள். மற்றவர்கள் வருவார்கள், கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பார்கள், போவார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து காரில் வரும் பணிப்பாளர் ஸ்ரீஸ்கந்தராசா, சுத்த அறையைப் புதுப்பித்த கையோடு அதற்கொரு திறப்புவிழா வைத்தார். கீழ் மண்டபத்தில் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அன்று மழை கொட்டி மண்டபம் ஒழுகியது. உடனே விழாவை மேலே மாற்றிவிட்டார். மேலே என்றால் எங்கே? சுத்த அறைக்குள்ளேயே! உள்ளே ஆறு போத்தலும் வடிந்துகொண்டிருந்தன. வடிகட்டத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது. மெற்றில்டா கதவுக்குக் குறுக்கே நின்று, விளக்கை வராந்தாவில் ஏற்றச் சொல்லிக் கெஞ்சினாள். வராந்தா படம் எடுக்க ஒடுக்கம் என்றார் பணிப்பாளர். நல்ல காரியத்தில் மறித்துக் கதைக்கவேண்டாம் என்றும் சொன்னார்.

இடுப்பளவு பித்தளைக் குத்துவிளக்கு உள்ளே வந்தது. பித்தளை என்றால் செம்பும் நாகமும்தான், வேறென்ன? அதோடு விட்டார்களா? திரி அணைந்துவிடும் என்று, காற்றைச் சுத்தம் செய்கிற இயந்திரத்தையே நிறுத்தினார்கள். பணிப்பாளரும் வந்த விருந்தினர்களும் சப்பாத்தோடு, மோதிரத்தோடு, மாலையோடு நின்று ஐந்து திரியையும் ஏற்றிச் சிரித்துப் படம் எடுத்தார்கள். இருபத்தொரு நிமிடம். பொலித்தீன் விரிப்பைப் பிடித்துப் போத்தல்களை மூடியபடி மெற்றில்டா மூலையில் நின்றாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அவர்கள் வடையும் பற்றிஸும் தின்னப் போனபின் அவள் ஒரு வேலை செய்தாள். கடல்நீர் இல்லாமல் தூய நீர் மட்டும் நிரப்பி, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற ‘வெறும்’ போத்தலொன்றைக் காலையில் வழக்கம்போல் வடித்து வைத்திருந்தாள். அதேபோல் இன்னொன்றை விளக்குக்குப் பிறகும் வடித்து வைத்தாள். ஒருவரும் சொல்லவில்லை. கோபத்தில் செய்ததுதான்.

ஒரு மாதம் கழித்துக் கணக்கு வந்தது. ஆறு போத்தலிலும் நாகம் இருக்கவேண்டியதைப்போல் நாற்பது மடங்கு, செம்பும் அப்படியே. பணிப்பாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் தட்டச்சு செய்த கடிதமொன்று கிடந்தது. உதவியாளர் அணிந்திருந்த நகையால் மாதிரிகள் பழுதாகியிருக்கலாம், இதை அவரே ஒப்புக்கொள்கிறார் என்று எழுதியிருந்தது. கீழே அவளுடைய பெயர்.

"சின்னப் பிழைதானே, மிஸிஸ் மெற்றில்டா. சைன் வையுங்கோ. கொன்ட்ராக்டை நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றார்.

மெற்றில்டா இரண்டு வெறும் போத்தல்களின் கணக்கையும் அவர் முன்னால் வைத்தாள். காலைப் போத்தல் சுத்தம். விளக்குக்குப் பிந்திய போத்தலில் அதே நாகம், அதே செம்பு. இரண்டையும் வடித்தவள் அவள்தான். நகையால் என்றால் காலைப் போத்தலும் பழுதாகியிருக்கவேண்டும். அவர் பார்த்தார். விளங்கியது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பேனாவை அவள் பக்கம் தள்ளினார். அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"சேர், பதினொரு வருசமா ஒவ்வொரு நாளும் தாலியைக் கழட்டி வச்சிட்டு வந்தனான். சனம் வாய்க்கு வந்தபடி கதைச்சது, கேட்டுக்கொண்டு இருந்தனான். உங்களால ஒரு நாள், ஒரேயொரு நாள், அந்த மோதிரத்தைக் கழட்ட ஏலாமப் போச்சு. இதில நான் சைன் வைக்கமாட்டன்."

அன்றைக்கே இரண்டு கணக்கையும், விளக்கு எரிந்த நேரத்தையும், இயந்திரத்தை நிறுத்திய நேரத்தையும் எழுதி, அந்தத் தண்ணீரை அள்ளிய கப்பலின் விஞ்ஞானிக்கு அனுப்பினாள். மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. இப்போது பேலியகொடையில் போத்தல் தண்ணீர் கொம்பனியொன்றில் குளோரின் அளவு பார்க்கிறாள்.

நாலு மாதம் கழித்து பணிப்பாளர் போன் எடுத்தார். குரல் தேன்தான். மிச்ச ஆறு போத்தலையும் அனுப்பச் சம்மதமாம், ஆனால் அந்த வெறும் போத்தல்களை வடித்தவர்தான் வேலை செய்யவேண்டும் என்று கப்பல்காரர் எழுதியிருக்கிறார்களாம். நாளைக்கே வரலாமா?

நடந்தது என்ன, செய்தது யார் என்று அவர் தன் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதினால் அடுத்த நிமிடமே வருகிறேன் என்றாள் மெற்றில்டா. அவர் யோசிக்கவேண்டும் என்றார். இன்றுவரை யோசிக்கிறார். ஆறு போத்தலும் எங்கோ ஒரு குளிரறையில் கிடக்கின்றன. அவள் தொட்ட வேலைகளிலேயே அவளுக்குப் பிடித்த வேலை அது ஒன்றுதான்.

கிறிஸ்ரியால் பொறுக்க முடியவில்லை. "அவ்வளவு ஆசைப்பட்ட வேலை. ஒரு கடிதத்துக்காகவா விடுறாய்?" என்று கேட்டான்.

"ஓம்" என்றாள் மெற்றில்டா. "ஒரு கடிதத்துக்காகத்தான்."