வால் நுனி வரை

ஆல்வின் டகன் மணப்பெண்ணின் பக்கவாட்டில் போய்ப் புல்தரையில் குப்புறப் படுத்தார். மாப்பிள்ளை வீட்டார் பதறிவிட்டார்கள். நெஞ்சுவலியோ என்னவோ என்று ஒருவர் என்னிடம் ஓடிவந்தார். நான் இந்த ஊர் மருந்துக்கடைக்காரன். "ஒண்ணுமில்ல, படம் எடுக்கிறாரு, விடுங்க" என்றேன். சிட்னியிலிருந்து வந்தவர்கள், பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் விரபின் ஊரில் கல்யாணமோ பிறந்தநாளோ, டகன் எடுக்கும் படம் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஆள் பக்கவாட்டில், உச்சந்தலை முதல் காலணி வரை, ஓர் அங்குலம் குறையாமல். என் வீட்டுக் கூடத்திலும் அப்படி ஒன்று தொங்குகிறது. அதில் என் மூக்கைவிட என் செருப்பு தெளிவாக இருக்கிறது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். காலை எட்டே முக்காலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பிற்பகல் இரண்டரை வரை வேறு வேலை கிடையாது. அந்த நேரமெல்லாம் பெரில் காட்டர் என்ற மூதாட்டியின் மாட்டுப் பண்ணைக் குளத்தங்கரையில், சேற்றில் கிடந்து, தட்டான்களையும் ஊசித்தட்டான்களையும் படம் பிடிக்கிறார். எதையும் துரத்த மாட்டார். தட்டான் உட்கார்ந்த குச்சிக்கு எதிரே படுத்துக் காத்திருப்பார். ஒரு சுற்றுப் பறந்துவிட்டு அது அதே குச்சிக்கு வந்துவிடும். "அது அவங்க வீட்டு நாற்காலி. நாம விருந்தாளி. விருந்தாளி வாயை மூடிக்கிட்டு இருக்கணும்" என்பார்.

நிழல் மேலே விழுந்தால் தட்டான் பறந்துவிடும். அதனால் சூரியன் எங்கே என்று பார்த்துத்தான் டகன் அடி எடுத்து வைப்பார். அந்தப் பழக்கம் ஊருக்குள்ளும் அவரை விடவில்லை. என் கடைக்குள் நேராக வரமாட்டார். வாசலில் நின்று தன் நிழலைப் பார்த்துவிட்டு, நண்டு மாதிரி ஒருக்களித்து வருவார். "என் கவுன்டர் ஒண்ணும் பறந்து போயிடாது டகன்" என்று நானும் பத்து வருடமாகச் சொல்லிவிட்டேன்.

பக்கவாட்டுப் பைத்தியத்துக்குக் காரணம் ஒரு வால். பதினொரு ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பரில், பெரிலின் குளத்தில் நீல நிற ஊசித்தட்டான் ஒன்றை எடுத்தார். கால் ரோமம்கூட எண்ணிவிடலாம், அப்படியொரு படம். அருங்காட்சியகத்து நிபுணருக்கு அனுப்பினார். பதில் இரண்டு வரிதான்: "மிக அழகு. வால் நுனி படத்தில் இல்லையே, எப்படி உறுதி செய்வது?" ஆணின் வால் நுனியில் பெண்ணைப் பற்றிக்கொள்ள ஒரு குட்டிக் கொக்கி உண்டு. பூட்டுக்குப் பூட்டு சாவி மாறுவதுபோல் இனத்துக்கு இனம் அது மாறும். டகன் சந்தேகப்பட்ட இனத்தை எங்கள் மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளாக யாரும் பார்த்ததில்லை. முகத்தில் மயங்கி வாலைக் கோட்டைவிட்டிருந்தார். அன்று முதல் மனிதர்களின் காலணியைக்கூட அவர் விடுவதில்லை. பப்பில் அவரை யாரும் நலம் விசாரிப்பதில்லை. "என்னப்பா, வாலு கிடைச்சுதா?" என்றுதான் கேட்பார்கள்.

அவருக்குக் கோபமே வராது. "வாலு அன்னைக்கே விழுந்திருந்தா படத்தை மாட்டிட்டு வீட்ல உக்காந்திருப்பேன். தேடப் போய்த்தானே நாப்பத்தோரு வகையைப் பாத்தேன்? விட்டுப்போன அந்த வாலுக்கு நான் கும்பிடு போடணும்." முதலில் இதை ஆறுதல் பேச்சு என்று நினைத்தேன். நிஜமாகவே சொல்கிறார் என்று புரிய எனக்குச் சில வருடம் ஆயிற்று.

கும்பிடு போட வேண்டிய இன்னொரு ஆள் பெரில். எழுபத்தாறு வயது, நாக்கில் சவரக்கத்தி. மாடுகள் நாணலை மிதிக்கின்றன என்று டகன் ஒருமுறை முனகியதற்காகப் பாதிக் குளத்துக்கு வேலி போட்டு, மாடுகளுக்குத் தனியாகத் தொட்டி கட்டினார். ஏன் என்று கேட்டால், "மாடு வாயைத் திறக்காது. இவன் திறந்தா மூட மாட்டான்" என்பார். வருடம் ஒருமுறை அவரையே படம் எடுத்துச் சட்டம் போட்டுத் தருவது டகனின் வழக்கம். அதில்தான் பெரிலுக்குக் குறை. "ஒரு தடவையாவது என் மூஞ்சிய நேரா எடுத்திருக்கியாடா? அத்தனை படத்துலயும் ஒரு காது, ரெண்டு பூட்ஸ்!"

இந்த ஆண்டு பெரிலின் முழங்கால்கள் கைவிட்டுவிட்டன. பண்ணையை விற்றாயிற்று, கிறிஸ்துமஸ் முடிந்ததும் கடற்கரை ஊரில் மகள் வீட்டுக்குப் போகிறார். வாங்கியவர் வேலியைப் பிடுங்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அந்த நீல ஊசித்தட்டான் பறக்கும் மாதம் நவம்பர்தான். ஆக, டகனுக்கு இது கடைசி நவம்பர். ஊரும் கேலியைக் குறைத்துக்கொண்டது. பப்பில் "வாலு" என்று ஆரம்பித்தவரைப் பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்தார்.

மாதத்தின் கடைசி வியாழன் காலை, பெரிலுக்கு மாத்திரை கொண்டுபோனேன். வீட்டில் ஆளில்லை. குளத்தங்கரையில் கைத்தடியை ஊன்றியபடி, வெயிலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். எதிரே சேற்றில் டகன். நான் வாய் திறப்பதற்குள் பெரில் தலையைத் திருப்பாமலே, "அங்கயே நில்லு" என்று முணுமுணுத்தார். அவருடைய தொப்பியின் நிழல் ஒரு நாணல் தண்டுக்கு விரற்கடை தூரத்தில் கிடந்தது. தண்டில் தீக்குச்சியைவிட மெல்லிசாக ஒரு நீலம். அவர் அசைந்தால் நிழல் அதன்மேல் விழும்.

தலையும் வாலும் ஒருசேரத் தெளிவாக விழும் இடத்துக்கு டகன் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஐந்து நிமிடம் நின்றாலே பெரிலுக்கு உயிர் போகும். அந்த வலிக்கான மாத்திரைதான் என் பையில் இருந்தது. தடியைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன. ஓர் ஈ அவர் கன்னத்தில் உட்கார்ந்து, நடந்து, கண்ணோரத்துக்கே போயிற்று. அவர் அதை ஓட்டவில்லை. இந்த ஊரில் கடை வைத்ததற்காக நான் மனதார நன்றி சொன்ன நாள் அது.

நான்கு முறை 'க்ளிக்' என்றது. நீலம் பறந்துபோயிற்று. டகன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், எங்களுக்கும் காட்டினார். வால் நுனியில் கொக்கி துல்லியமாக இருந்தது. அதே இனம்தான் என்று நிபுணர் பிறகு எழுதினார். டகனுக்கு அது அப்போதே தெரிந்துவிட்டது.

"வாலு இருக்கு" என்றார்.

"அப்ப நான் ஈயை ஓட்டிக்கலாமா?" என்றார் பெரில்.

"ஓட்டுங்க. ஆனா ஒரே ஒரு நிமிஷம், நகராதீங்க."

சேறு சொட்டச் சொட்ட எழுந்தார். பக்கவாட்டுக்குப் போகவில்லை. நேர் எதிரே நடந்து, பெரிலின் நிழலுக்குள்ளேயே வந்து நின்று, அவர் முகத்துக்கு நேராகக் கேமராவை உயர்த்தினார்.

"டேய், அப்ப பூட்ஸ் வராதுடா!" என்றார் பெரில்.

டகன் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார்.