அட்வான்ஸில் எழுந்த மாடி

தர்மபுரியில் நான் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் எவர்சில்வர் கேட்டைத் தள்ளினால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அந்த கேட், அங்கே குடியிருந்த நர்ஸ் சுமதி கொடுத்த அட்வான்ஸில் செய்தது. போன மாதம் அவர் காலி செய்வதாகச் சொல்லி அந்தப் பணத்தைக் கேட்டபோது, சிக்கனத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் கட்டுரை எழுதும் நான், "புது ஆளு வந்ததும் குடுத்துடறேங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் அப்பாவின் வசனம் என்று உறைத்தது.

பாப்பாரப்பட்டியில் அப்பாவுக்கு ஒரு "லைன் வூடு" இருந்தது: ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாகச் சில குடித்தனங்கள், எல்லோருக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். அவர்கள் கொடுத்த அட்வான்ஸையெல்லாம் சேர்த்து அப்பா எங்கள் வீட்டுக்கு மாடி கட்டினார். உள்ளே பூச்சுகூட முடியவில்லை, முகப்பில் மட்டும் இரண்டு சிமெண்ட் சிங்கங்கள் வாயைப் பிளந்தன. கையிருப்பு வைத்துக்கொள்வது பயந்தாங்கொள்ளிகளின் வேலை என்பது அவர் கட்சி. "பொட்டியில தூங்கற காசு என்னத்த சம்பாதிக்கும்?" என்பார்.

ஒரு கோடையில் மோட்டார் எரிந்தது. எரிந்த காயிலை மாற்றிக் கட்ட அப்பாவிடம் பணம் இல்லை. குடித்தனக்காரப் பெண்கள் தெருக்குழாய்க்குக் குடம் தூக்கினார்கள். அதே வாரம், கடைசி வீட்டிலிருந்த வளையல் வியாபாரி காதர் பாய்க்குத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கடை அமைந்தது. சந்தை சந்தையாகத் தள்ளுவண்டியோடு அலைந்த மனிதருக்குக் கூரையுள்ள கடை. அங்கே முன்பணம் கட்டுவதற்காக, இங்கே கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்.

"புது ஆளு வந்ததும் மொத வேலையே உங்க பணந்தாங்க பாய்."

"தண்ணியில்லாத வூட்டுக்கு எவன்ங்கண்ணா வருவான்?"

"அதாங்க, மோட்டாரு ஓடணும்."

"சரி, ஓட்டுங்க."

"புது ஆளு வந்தா ஓட்டிடலாங்க."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செக்குமாடுகூட நடுவுல ஒருவாட்டி நிக்கும்ங்கண்ணா."

கடைசியில், தன் பணம் தனக்குக் கிடைக்க வேண்டுமானால் வேறு வழியில்லை என்று, மச்சானிடம் கைமாற்று வாங்கி எங்கள் மோட்டாரைப் பாயே சரிசெய்தார். வீடு பார்க்க வந்தவர்களிடம், "காத்தோட்டமான வூடுங்க, தண்ணிக்குக் கவலயே இல்லீங்க" என்று அவரே புகழ்ந்தார். பக்கத்தில் நின்று அப்பா கம்பீரமாகத் தலையாட்டினார். எத்தனையோ புத்தகங்கள் படித்துவிட்டேன், அந்தத் தலையாட்டலுக்கு அச்சில் ஏற்றக்கூடிய வார்த்தை இன்னும் அகப்படவில்லை.

புது ஆள் வந்தார், பணமும் வந்தது. ஆனால் அதற்குள் அந்தக் கடை ஒரு கேசட் வியாபாரிக்குப் போய்விட்டது. பாய் மறுபடியும் வண்டியைத் தள்ளினார். அப்பாவோ சாகும்வரை, "நயா பைசா கொறைக்கலயே, முழுசா குடுத்தனே" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார். பணத்தைக் கொடுத்தீர்கள் அப்பா, கடையை யார் கொடுப்பது? ஒருவர் நம்பிக் கொடுத்துவைத்த காசில் சிங்கம் செய்து மாட்டிக்கொண்டு, அவர் கேட்கும்போது அடுத்த ஏமாளி வரட்டும் என்று சொல்வதற்கு நம் மாவட்டத்தில் வீட்டுக்காரர் என்று மரியாதையான பெயர் வேறு!

லைன் வீடு இப்போது இல்லை. கிணற்றைத் தூர்த்து அதன்மேல் செல்போன் கடை வந்துவிட்டது. காதர் பாயின் குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லவும் ஆளில்லை. அப்பாவின் அந்த வசனம் மட்டும் வாடகை வீடுள்ள வாய்களிலெல்லாம் ஜோராகக் குடியிருக்கிறது. என் வாயிலிருந்தாவது அதைக் காலி செய்ய நினைத்து, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, சுமதி காலி செய்த நாளிலேயே அவர் பணத்தைக் கொடுத்தேன். கூடவே பாயின் கதையையும், அட்வான்ஸ் என்பது பிறர் பணம், ரிப்பேருக்குத் தனியாகக் கையிருப்பு வைக்காதவன் வாடகைக்கே விடக்கூடாது என்ற பிரசங்கத்தையும் வழங்கினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அதெல்லாம் சரிங்க சார். வெள்ளையடிக்கறதுக்குன்னு அட்வான்ஸ்ல ஒரு மாச வாடகைய எதுக்குப் புடிச்சிட்டீங்க?"