மீனாம்பிகை அக்காவின் திகதிகள்

உரும்பிராய்ச் சந்திக்குப் பக்கத்தில் நான் ஒரு கொமினிக்கேசன் கடை நடத்துகிறேன். போட்டோக் கொப்பி அடிப்பது, வெளிநாட்டு விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றிவிடுவது, இவைதான் என் தொழில். மீனாம்பிகை அக்கா அப்படித்தான் எனக்குப் பழக்கமானார்.

அவர் தமிழ்நாட்டில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண், ஆனால் வருடக்கணக்கில் இங்கே இருந்து பேச்செல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சாகிவிட்டது. அங்கே அகதி முகாமில் இருந்த கேதீஸ்வரன் அண்ணையைக் கலியாணம் செய்து, 2014இல் அவரோடும் மகள் கஜானியோடும் அண்ணையின் ஊரான உரும்பிராய்க்கு வந்தார். அண்ணையும் மகளும் இலங்கைப் பிரசைகள். அக்காவிடம் மட்டும் இந்தியப் பாஸ்போட். வருடம் தவறாமல் கொழும்புக்குப் போய், மனைவி என்ற முறையில் வதிவிட விசாவைப் புதுப்பித்துக்கொண்டு வருவார்.

2019இல் அண்ணை கனடாவுக்குப் போனார். அங்கே அகதியாக ஏற்றுக்கொண்டபின் மனைவிக்கும் மகளுக்கும் விண்ணப்பித்தார். ஒன்றரை வருடத்தில் போய்விடலாம் என்று சொன்னார்கள். ஒன்றரை மூன்றாகியது. மருத்துவச் சோதனை செய்தால் இந்தியப் பொலிஸ் சான்றிதழ் வராது. சான்றிதழ் வரும்போது மருத்துவச் சோதனை காலாவதியாகியிருக்கும். இரண்டையும் சரிக்கட்டினால் இங்கத்தைய வதிவிட விசா முடிகிற நேரம் வந்துவிடும். எல்லாத் திகதியையும் ஒரு மட்டையில் எழுதி என் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன்.

அக்கா நல்ல தையல்காரி. ஆனால் யாராவது துணி கொண்டுபோனால், "அடுத்த மாசம் நான் நிப்பனோ தெரியாது" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அந்த அடுத்த மாதம் வருடக்கணக்கில் வரவில்லை. துணி கொண்டு வருகிறவர்கள்தான் வராமல் போனார்கள்.

2024 தொடக்கத்தில் கஜானிக்கு மட்டும் விசா கிடைத்தது. ஏழு கிழமைக்குள் அவள் கனடாவில் இறங்கியாக வேண்டும். தாயின் கோப்பு இன்னும் சோதனையில் நின்றது. அம்மா இல்லாமல் போகமாட்டேன் என்று அவள் என் கடையின் மர வாங்கில் குந்தியிருந்து அழுதாள். அண்ணை போனில் இரண்டே வசனந்தான் சொன்னார்.

"அவளை அனுப்பு, மீனா. திகதி போச்செண்டால் அவளின்ரையும் இல்லாமல் போயிடும்."

கோப்பாயில் இருந்து கனடாவுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தோடு கஜானியை அனுப்பிவிட்டு, அக்கா கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து தனியே பஸ்ஸில் வந்தார்.

அதற்குப் பிறகு அவர் தினமும் கடைக்கு வந்தார். "ஏதும் வந்திருக்கோ, றொசாந்தி?" என்று கேட்பார். இல்லை என்றதும் எழும்பிப் போகமாட்டார். வருகிற போகிற ஆட்களைப் பார்த்தபடி மத்தியானம் வரை இருப்பார். சனி, ஞாயிறு நான் கடை திறப்பதில்லை. ஒரு திங்கட்கிழமை அவர் வாய் திறந்தபோது குரல் கரகரத்தது. தடிமனோ என்று கேட்டேன். "இல்லையடி, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இப்பதான் கதைக்கிறன்" என்றார். அண்ணைக்கு இரவு வேலை, மகளுக்குப் படிப்பு. அந்த இரண்டு நாளும் அவர்களுக்குப் போன் எடுக்க வசதிப்படவில்லையாம். அப்படியிருந்தும் நான் அவரை ஒருநாளாவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

அந்த வருட முடிவில் வதிவிட விசாவைப் புதுப்பிக்கக் கொழும்புக்குப் போனார். முன்னைய வருடங்களில் அண்ணை அனுப்பும் சம்மதக் கடிதம் கையில் இருக்கும், கஜானியும் பக்கத்தில் இருப்பாள். இந்தமுறை கடிதம் மட்டுந்தான். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கணவர் எங்கே என்று கேட்டாராம். கனடா. பிள்ளை? அவளும் கனடா.

"அப்ப நீங்கள் ஆருக்காக இங்கை நிக்கிறியள்?"

அந்தப் பெண் கோபத்தில் கேட்கவில்லை என்று அக்கா என்னிடம் இரண்டு தரம் சொன்னார். மூன்று மாதம் கொடுத்தார்கள். கணவன் நாட்டில் இல்லாதபடியால் இதற்குமேல் நீடிப்பது கஷ்டம் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

மூன்று மாதமும் கனடாவில் இருந்து எதுவும் வரவில்லை. கடைசியில் அக்காவே முடிவெடுத்தார். விசா முடிந்தபின் ஒருநாள் கூடுதலாக நின்றாலும் கனடாக் கோப்பில் கறையாகிவிடும் என்ற பயம் அவருக்கு. காங்கேசன்துறையில் இருந்து கப்பலில் நாகப்பட்டினம் போய், புதுக்கோட்டையில் தம்பி வீட்டில் இருப்பதென்று தீர்மானித்தார். கடல் குழம்பினால் கப்பல் ஓடாது என்று நாலு நாள் முந்தியே பயணத்தை வைத்தார். புது விலாசத்தை நான் கோப்பில் ஏற்றினேன்.

ஓட்டோவில் துறைமுகம் வரை கூடப் போனேன். கனடாவுக்கென்று வாங்கி வைத்த பெரிய சூட்கேஸ் கப்பலின் நிறைக்கணக்குக்கு மிஞ்சியது. பாதி உடுப்பை எடுத்து என் கையில் தந்தார்.

"இந்த ஊருக்கு வரேக்கை இவரும் பிள்ளையும் பக்கத்திலை இருந்தவை," என்றார். "திரும்பிப் போகேக்கை ஆரும் இல்லை."

நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். பிறகு வரிசையில் போய் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழு மாதத்துக்குப் பின் புதுக்கோட்டை விலாசத்துக்கு விசா வந்தது. சென்னையில் இருந்து பறந்தார். ரொறொன்ரோ விமான நிலையத்துக்குக் கஜானி வந்திருந்தாளாம். அண்ணைக்கு லீவு கிடைக்கவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு அவரைக் கண்டது அடுத்த நாள் காலை, வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றும்போதுதானாம்.

"என்னக்கா சொன்னவர்?" என்று போனில் கேட்டேன்.

"மெலிஞ்சு போனாய் எண்டார். நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். குடிச்சிட்டுப் படுத்திட்டார்."

பகலில் ஒருவர் தூக்கத்தில், மற்றவள் படிப்பில். இப்போதும் சில நாட்களில் எனக்குப் போன் எடுக்கிறார். கடையில் யார் நிற்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்பார். நான் சொல்லிக்கொண்டு வருவேன்.