எல்லா வீட்டுக்கும் ஒரே திகதி

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் வராது. எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது, அதுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு நிவாரணக் கந்தோரில் தட்டச்சு வேலை பார்த்தேன். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பட்டியல் கொம்பியூட்டரில் இருந்தது. மின்சாரம் இல்லை, காலையில் இரண்டு மணித்தியாலம் ஜெனரேற்றர் ஓடும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி. அந்த வரியின் ஒரு கட்டத்தில் ஆட்களின் எண்ணிக்கை, அடுத்த கட்டத்தில் அதைக் கடைசியாகச் சரிபார்த்த திகதி. அந்த எண்ணைப் பார்த்துத்தான் மாவும் பருப்பும் நிறுத்துக் கொடுப்பார்கள்.

திகதியைக் கையால் அடித்து மினக்கெட வேண்டாம் என்று, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அந்தக் கட்டங்களில் ஒரு சூத்திரம் போட்டுவிட்டுப் போனார். எண்ணை மாற்றினால் திகதி தானாக விழுமாம். அந்தச் சூத்திரத்துக்குத் தெரிந்தது இன்றைய திகதி மட்டும்தான். பட்டியலைத் திறந்தவுடன் எல்லா வரியிலும் அது வந்து நிற்கும். ஒருவரும் எட்டிப் பார்க்காத வீடும் இன்றைக்குச் சரிபார்த்த வீடுதான்.

அந்த இன்றைய திகதியும் என் கையால்தான் உள்ளே போனது. கொம்பியூட்டருக்குள் இருந்த சின்னப் பற்றரி செத்துவிட்டது. போர்க்காலம், யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. அதனால் ஒவ்வொரு காலையும் அது என்னிடம் திகதி கேட்கும். சுவர்க் கலண்டரைப் பார்த்து அடிப்பேன்.

கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து, சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைக் கொட்டிலில் இருந்த பெண் ஆள் கணக்கைத் திருத்தச் சொல்லி மூன்றாம் முறையாக வந்தாள். செத்துப்போன தங்கையின் இரண்டு பிள்ளைகளும் மூன்று மாதமாக அவளோடுதான். பட்டியலில் நாலு பேர். நாலு பேரின் மாவில் ஆறு பேர் சாப்பிட்டார்கள். கந்தோர்ப் பொறுப்பாளர் அவளை நிமிர்ந்தும் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

"இண்டைக்குத்தானே பாத்துப் பதிஞ்சிருக்கு. நாலு பேர்தான்."

"இண்டைக்குக் காலமை எங்கடை கொட்டிலுக்கு வந்தது ஒரு ஆடும் ஒரு நாயும் ஐயா. அதிலை எது உங்கடை ஆள்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொறுப்பாளர் அவளைப் போகச் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பி, "அண்ணை, நீங்களும் இதிலைதானே இருக்கிறியள்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பொறுப்பாளர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் பெரிது.

மறுநாள் காலை கொம்பியூட்டர் திகதி கேட்டபோது, வரப்போகும் தைப்பொங்கல் திகதியை அடித்தேன். பட்டியலைத் திறந்து பொறுப்பாளரைக் கூப்பிட்டேன்.

"ஐயா, எல்லா வீட்டையும் வாற பொங்கலுக்குப் போய்ப் பாத்திட்டியள்."

"உமக்கென்ன, விளையாட்டோ?"

"அது நான் அடிச்ச திகதி ஐயா. ஒவ்வொரு நாளும் நான் அடிக்கிறதைத்தான் உது திருப்பிச் சொல்லுது. அந்தப் பிள்ளையளைப் போய் எண்ணுங்கோ."

சூத்திரத்தை அழிக்கிறேன், இனி ஆள் போய்ப் பார்த்த வீட்டுக்கு மட்டும் திகதியைக் கையால் அடிக்கிறேன் என்றேன். வெறுங்கட்டங்களைக் கண்டால் கொழும்புத் தலைமைக் கந்தோரில் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். நாங்கள் போகவில்லை என்று நினைப்பார்கள், போகவில்லைத்தானே என்றேன். உம்முடைய வேலை போய்விடும் என்றார். அவர் சொல்லிக்கொண்டு நிற்கும்போதே அந்தத் திகதிகள் முழுவதையும் அழித்தேன்.

அடுத்தநாள் பொறுப்பாளர் அனுப்பிய ஒருவர் சைக்கிளில் சண்டிலிப்பாய் போய் எண்ணிவிட்டு வந்தார். ஆறு என்று அடித்து, பக்கத்தில் திகதியையும் அடித்தேன். மற்றக் கட்டங்கள் வெறுமையாக இருந்தன.