ஒப்புக்கொண்ட பழி

தெருவில் எல்லோருக்கும் அவள் நர்ஸம்மா. நர்ஸ் படிப்பெல்லாம் கிடையாது; படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதப் பயிற்சி, பிறகு பதினெட்டு வருட உழைப்பு. நோயாளி வீட்டில் எது நடந்தாலும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள். கஞ்சி அடிப்பிடித்தாலும் சரி, கண்ணாடி உடைந்தாலும் சரி, "என் தப்புதான்" என்றால் வீடு அடங்கும். அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

அந்தப் பழக்கத்தில்தான் போலீஸிடமும் சொன்னாள். நான்கு வருடம் பார்த்துக்கொண்ட பெரியம்மா கட்டிலிலிருந்து விழுந்து மூன்றாம் நாள் இறந்துபோனார். தலைவாரிவிட, கட்டிலின் தடுப்புக் கம்பியை இறக்கியது பெரியம்மாவின் மகள். போன் வந்து எழுந்து போனவள், ஏற்றிவிட மறந்தாள். நர்ஸம்மா அப்போது அடுப்படியில் மாத்திரை நசுக்கிக்கொண்டிருந்தாள். மகள் சுவரில் முட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து, தானே மறந்ததாகச் சொல்லிவிட்டாள். கோர்ட்டிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அபராதத்தோடு போய்விடும் என்று நினைப்பு.

ஆறு மாதம் ஜெயில் கிடைக்கலாம் என்று இலவச வக்கீல் பிறகுதான் சொன்னார். அவள் வீட்டிலும் ஒருவர் படுக்கையில்: பக்கவாதம் வந்த கணவர். வேளாவேளைக்குப் புரட்டிப் போட ஆளில்லாவிட்டால் முதுகு புண்ணாகி, ஆறு மாதம் தாங்கமாட்டார். அப்போதுதான் நடந்ததைச் சொன்னாள்.

"அடுத்தவங்க துணியத் துவைக்கிற மாதிரி அவங்க தப்பையும் சேத்துத் துவைப்பீங்களாம்மா?" என்றார் வக்கீல். தண்டனைக்கு முன்பே ஒப்புதலைத் திரும்பப் பெற மனுப் போட்டார்.

"அன்னிக்கு ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"அந்தப் பொண்ணு அழுகைய நிறுத்தட்டும்னுதாங்கய்யா."

"அப்ப கம்பிய இறக்கினது யாரு?"

மகள் கடைசி பெஞ்சில் இருந்தாள். நர்ஸம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ணுதான். அம்மாவுக்குத் தலை வார."

மனு ஏற்கப்பட்டது. வழக்கு முதலிலிருந்து நடக்கும்.

வெளியே படிக்கட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். "கூடப் பொறந்தவளா நெனச்சேனேக்கா," என்றாள். மேலே பேச வராமல் மூச்சு இழுத்தது.

நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தாங்கிப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். நர்ஸம்மா குனிந்தாள். வக்கீல் அவள் முழங்கையைப் பிடித்தார்.

"அவங்க இனிமே சாட்சி. நீங்க கிட்டப் போகக் கூடாது."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓரமாகவே படியிறங்கினாள்.