உரியவர் வரும்வரை

எங்கள் சாமியறையில் கண்ணகி அம்மன் படத்துக்குக் கீழே ஓர் உடுக்கு இருக்கிறது. அதன் இடையில் நூலால் கட்டிய மஞ்சள் அட்டையில் குண்டு குண்டான எழுத்து: “இரவல். உரியவர் வந்ததும் கொடுக்கப்படும்.” அந்த வரிக்குக் குறுக்கே நடுங்கிய பேனாக்கோடு ஒன்று. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அந்தக் கோட்டைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். முடிவதில்லை.

எழுதியவர் தபாலதிபர் ஐயா. ஊர்ச் சனங்கள் கூடி, சந்தைக்குப் பின்னாலிருந்த பழைய நெல் களஞ்சியத்தைத் திருத்தி ஊரின் பழம்பொருட்களை வைத்தபோது, ஓய்வுபெற்றிருந்த அவரிடம்தான் பூட்டையும் திறப்பையும் கொடுத்தார்கள். கொம்புமுறி விளையாட்டின் கொம்பு, ஏறாவூரார் தந்த கைத்தறி, இறால் பிடிக்கப் போனவர்களின் லாந்தர் என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கி அடுக்கினார்.

உடுக்கு என் தம்பியுடையது. வைகாசிச் சடங்குக்கு அம்மன் கோயில் கதவு திறக்கும் நாட்களில் அவன் அடித்தால் கல்லும் ஆடும் என்பார்கள். சண்டையும் பிரச்சினையுமான காலத்தில் ஒரு காலை வாழைச்சேனைக்குப் போனவன் திரும்பவில்லை. தேடாத இடமில்லை, நேர்த்தி வைக்காத கோயிலில்லை. கோயிலார் வேறொருவருக்காக உடுக்கைக் கேட்டபோது அம்மா கொடுக்கவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் அவரால் முடியவில்லை. கண்ணில் படும் நாளெல்லாம் சோறு இறங்காது. கடைசியில் இருவருமாக அதை ஐயாவிடம் கொண்டுபோனோம்.

“அன்பளிப்பு எண்டு எழுதட்டா?” என்று கேட்டார் ஐயா.

“அவன்ட சாமானை நான் எப்பிடி அன்பளிப்புக் குடுக்கிற? வந்து கேட்டா என்ன சொல்ற?” என்றார் அம்மா.

ஐயா மஞ்சள் அட்டையை எடுத்து ‘இரவல்’ என்று எழுதத் தொடங்கினார். “சரி. தபால் கந்தோரில இருந்த காலம் முழுக்க உரியவர்ர கையிலதான் குடுத்தனான். இதையும் அப்பிடியே வச்சிரிக்கன்.”

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா கண்ணை மூடினார்.

நான் களஞ்சியத்துக்குப் போனால் செருப்பை வாசலிலேயே கழற்றுவேன். “இது கோயில் இல்ல புள்ள, உள்ளுக்கு ஆணி கிடக்கு, போட்டுக்கொண்டு வாங்க” என்று ஐயா சிரிப்பார். உடுக்குக்குப் பூ வைக்கப் போனால், “சட்டப்படி வைக்கப்படாது. நான் அங்கால பாத்துக்கொண்டு நிக்கன்” என்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

போன வருடம் ஐயாவுக்கு வாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்து, நினைவும் கலங்கிவிட்டது. சந்தையோடு களஞ்சியத்தையும் இடித்துக் கட்டப் போவதாக அறிவித்தல் வந்ததும் அதற்குப் பிறகுதான். களஞ்சியத்தை நடத்திய சபையின் செயலாளர் டீச்சர் கூப்பிட்டு, “அன்பளிப்பு எண்டு கையெழுத்து வைங்க அக்கா, பெட்டியில போட்டு டவுனுக்கு அனுப்புவம். இல்லாட்டி வீட்ட கொண்டு போங்க. எங்களுக்கும் வேற வழி தெரியல்ல” என்றார். பாவம், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கையெழுத்து வைத்தால் தம்பி வரமாட்டான் என்று நானே எழுதிக் கொடுத்தது போலாகும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஐயா அம்மாவுக்குக் கொடுத்த சொல் என்னாவது? ஐயாவிடமே கேட்போம் என்று உடுக்கை வாங்கித் துவாயில் சுற்றிக்கொண்டு, அவர் வீடு இருந்த தன்னாமுனைக்கு பஸ் ஏறினேன்.

கட்டிலில் கிடந்தவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. துவாயை அவிழ்த்ததும் முகம் விரிந்தது.

“வந்திட்டானா?”

அவர் மனைவி வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். கேட்க வந்ததை விட்டுவிட்டேன்.

“ஓம் ஐயா” என்றேன்.

பேனா கேட்டு வாங்கி, நல்லாயிருந்த கையால் அட்டையில் கோடு இழுத்தார். “இப்பதான் மனம் ஆறிச்சு. மறுகா ஒருநாளைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வாங்க புள்ள. அடிக்கிறதைக் கேக்கணும்.”

என்றைக்கு வருவான் என்று இன்னமும் கேட்கிறாராம். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. வைகாசி கிட்ட வருகிறது. கண்ணகித் தாயே, நான் சொன்னது பொய் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருடமும் தம்பி வரவேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவள், அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்று இப்போது எதைக் கேட்பதென்று தெரியாமல் விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு வருகிறேன்.