மரியரட்ணம் அண்ணையும் ஆறு பேர் பிடித்த கயிறும்

மரியரட்ணம் அண்ணையை நான் இரண்டு தரம் பாடகர் குழுவிலிருந்து நிற்பாட்டியிருக்கிறேன். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. புலம்பெயர்ந்து வந்த இந்த வோபர்னில் எங்கள் மாதா கோயிலில் பத்து வருடமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். அன்ரனெற் ரீச்சர் என்றால் சனத்துக்குக் கொஞ்சம் பயம்தான்.

மரியரட்ணம் அண்ணை ஊரில், குருநகரில் கடற்றொழில் செய்தவர். தொண்ணூற்றைந்தில் கடலை விட்டு வந்து, இங்கே கோழி வெட்டும் கொம்பனியில் வேலை. வெண்கலக் குரல். ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு மூச்சு நேரம் நிற்பார். மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள், இவர் பின்னால் தனியாக வருவார். எத்தனை தரம் சொல்லியும் திருந்தவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யுத்தம் முடிந்த வருடத்து மார்கழியில் ஒருவருக்கும் பாட மனமில்லை. குழுவில் பாதிப்பேர் வரவில்லை. வன்னியில் தமக்கையின் குடும்பத்தையே இழந்த மரியரட்ணம் அண்ணை மட்டும் மூன்றாம் தரமும் வந்து நின்றார்.

"ரீச்சர், வீட்டிலை இருந்தா நெஞ்சு அடைக்குது. பாடினாத்தான் மூச்சு வருது. பின்வரிசையிலை எண்டாலும் நிக்கிறன்."

"நீங்கள் நிண்டா மற்ற ஆக்களும் குழம்பினம் அண்ணை. குறை நினையாதேங்கோ."

"ஓம்" என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். செய்தது சரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். என்ன மனம் எனக்கு.

பயிற்சி முடிந்து காரை எடுத்தால், வாசலிலேயே முன்சில்லு இரண்டும் ஸ்னோ மூடிய பள்ளத்துக்குள் இறங்கிவிட்டன. குழுவில் பாடும் சூசைதாசன் தன் வானிலிருந்து கயிறு கொண்டுவந்து காருக்குப் பின்னால் கட்டினான். பயிற்சிக்கு வந்தவர்களில் ஆறு பேர் பிடித்து, ஆளாளுக்கு ஒவ்வொரு நேரம் இழுத்தார்கள். கார் அசையவில்லை. பஸ் இன்னும் வராமல் தெருவோரத்திலேயே நின்ற மரியரட்ணம் அண்ணை வந்து கயிற்றின் தலைப்பைப் பிடித்தார்.

"ரீச்சரின்ரை காரு" என்று பாட்டெடுத்தார்.

"ஏலேலோ" என்றார்கள் ஆறு பேரும். எல்லாரும் குருநகர் ஆட்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு அது.

"ஏறி வாடி வெளியை."

"ஏலேலோ."

பிறகு ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். அந்த நேரத்தில்தான் எல்லாரும் ஒன்றாக இழுத்தார்கள். கார் ஒரு முழம் பின்னால் வந்தது. இன்னொரு வரி, அதே நிறுத்தம், இன்னொரு முழம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனுசன் பிழையாகப் பாடவேயில்லை. இழுக்கிறவர்களுக்காக நின்றிருக்கிறார்.

கார் மேலே வந்த பிறகும் ஒருவரும் கயிற்றை விடவில்லை. சூசைதாசன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். நான் இறங்கினேன்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. கயிறும் வேணும்."

"தாளம் பிழைச்சிடுமே, ரீச்சர்?" அவருக்கு வாய்க்குள் சிரிப்பு.

"தாளத்தை நீங்கள் பாருங்கோ. நான் கயிறு பிடிக்கிறன்."

தை மாதம் கோயிலின் கீழ்மண்டபத்தில் எங்கள் அம்பாக் குழுவின் முதல் நிகழ்ச்சி. இழுக்கிற கயிற்றின் மறுமுனையில் பாரம் வேண்டும் என்று என்னைத்தான் நிறுத்தினார்கள். ஏன் என்பது சூசைதாசன் என்னை மேலும் கீழும் பார்த்ததிலேயே விளங்கியது. அண்ணை நிறுத்தும்போதெல்லாம் நான் இழுபட்டு இழுபட்டு, பாட்டு முடியும்போது அவருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டேன். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

"மூச்சு வருதோ, அண்ணை?" என்று மெல்லக் கேட்டேன்.

"வருது ரீச்சர்" என்றார், கயிற்றை விடாமல். "காணும், போதும் எண்ட அளவுக்கு வருது."